பேர் கேட்கிற நசிமா

தீக்காய வார்டில் வேலை பார்க்கும் நசிமாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘பேர்கேட்டா அக்கா’ என்பார்கள். மாத்திரையோ ஊசியோ, கட்டில் பக்கத்தில் போய் நின்றதும் முதலில் பேரைக் கேட்பாள். காலையில் கேட்ட ஆளிடமே மத்தியானமும் கேட்பாள். அதோடு விடமாட்டாள், அப்பா பேர் என்ன என்று அடுத்த கேள்வி வரும். பிறந்த தேதியைக் கேட்கத்தான் நர்சிங் படிப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் இந்தக் கரிசல் காட்டில் பிறந்த தேதி கேட்டால், இருக்கன்குடி ஆடித் திருவிழாவுக்கு முந்தின வாரம், அன்றைக்கு நல்ல மழை என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு எந்தச் சார்ட்டைச் சரிபார்ப்பது? அதனால் அப்பா பேர்.

“நீங்க மாரியம்மாளா?” என்று மட்டும் கேட்கவே மாட்டாள். வலியில் கிடக்கிறவர்கள் எதற்கும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதிலும் இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்று இருக்கிற பக்கம் இது. ஒரு சமயம் அந்த ஒரே வார்டில் இரண்டு மாரியம்மாள், ஒரு மாரீஸ்வரி, ஒரு முத்துமாரி. ‘மாரி’ என்று கூப்பிட்டால் நாலு கட்டிலில் தலை திரும்பும். வலி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கூப்பிடுவதற்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கலாம்.

வீட்டிலும் இந்தக் கேலி நிற்கவில்லை. அவளுடைய அத்தா மீரான் மைதீன் சிவகாசியில் பேப்பர் கட்டிங் கடை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு டீ கொண்டுபோன நசிமா, மாப்பிள்ளையின் முன்னால் தட்டை நீட்டியபடி, “உங்க பேரு? அத்தா பேரு?” என்று கேட்டுவிட்டாள். வாய் பழகிவிட்டது, என்ன செய்வாள்? அந்த வீட்டிலிருந்து அப்புறம் சேதியே வரவில்லை. “எங்க ஊசியப் போட்டுருவாளோன்னு பயந்து ஓடிட்டாக” என்று அம்மா பைரோஜா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நசிமாவும் சேர்ந்து சிரிப்பாள். பேர் கேட்பதை விடவில்லை.

அந்தக் கேள்வி அவளைக் கைவிட்டது ஒரே ஒரு தடவை. அந்தக் கதைதான் இது.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற ரூம் வெடித்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆர்டர் நெருக்கினால் சட்டம் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளும் என்பது வழக்கம். அடிபட்டு வந்தவர்களில் ஒருத்தி நசிமாவின் வார்டுக்கு வந்தாள். இரண்டு கையும் முழங்கைக்கு மேல்வரை, கழுத்து, ஒரு பக்கக் கன்னம், தொடைக்குக் கீழே கால்கள். கூடவே வந்த கம்பெனி போர்மேன் ஒச்சப்பன் அவளுடைய தொழிலாளர் காப்பீட்டு அட்டையை நீட்டி, “பாண்டிச்செல்விம்மா. நல்ல வேலக்காரி. எப்படியாச்சும் காப்பாத்திருங்க” என்றார்.

நசிமா அட்டையை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தவள் பக்கம் குனிந்தாள்.

“உங்க பேரு என்ன?”

“பாண்டிச்செல்வி.”

“அப்பா பேரு?”

“நாகையா.”

அட்டையிலும் அதே இரண்டு பேர்கள். மணிக்கட்டு எரிந்து போயிருந்ததால் கணுக்காலில் அடையாளப் பட்டையைக் கட்டினாள்.

ஒச்சப்பன் தினமும் வந்தார். இளநீரும் ஆரஞ்சும் வாங்கி வருவார், வார்டு வாசலிலேயே நிற்பார், டாக்டர் வந்தால் முதல் ஆளாக உள்ளே நுழைவார். சொந்தக்காரர் யாரும் இல்லையா என்று நசிமா கேட்டதற்கு, “நானே எல்லாம் பாத்துக்கிடுதேன்மா” என்றார். நல்ல மனுஷன் என்றுதான் அவளும் நினைத்தாள். வார்டில் சேர்த்த மறுநாள் ஒரு பெண் வந்தாள். முந்தானையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் நின்று சத்தம் வராமல் அழுதாள். நசிமா வழக்கம்போல அவளிடமும் பேரைக் கேட்டாள். அந்தப் பெண் முதலில் கட்டிலைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற ஒச்சப்பனைப் பார்த்தாள்.

“தங்கத்தாய்” என்றாள். “இவுக தங்கச்சி.”

பேர் சொல்ல இம்புட்டு யோசனையா என்று நசிமாவுக்குத் தோன்றியது. ஆனால் துக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தன் பேர்கூட மறந்துபோகும், பார்த்திருக்கிறாள். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் காய்ச்சல் ஏறியது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. உடம்பு உதறியது, நாடி ஓடியது, ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. தொடைக் காயத்தில் கட்டைப் பிரித்ததும் வாடை அடித்தது. டூட்டி டாக்டர் ஸ்ரீராம்குமார் வந்து பார்த்தார். கெட்டிக்கார டாக்டர், வயது குறைவு, பொறுமை அதைவிடக் குறைவு. காயத்திலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறுகிறது, தாமதிக்கக் கூடாது என்று சொல்லி ஆன்டிபயாடிக் எழுதினார்.

“கை ரெண்டும் கட்டுல இருக்கே சார், ஒத்துக்கிடுதான்னு பாக்க டெஸ்ட் டோஸ் எங்க போட?” என்றாள் நசிமா.

“பழைய ரெக்கார்டு இருக்கு சிஸ்டர்.” டாக்டர் வார்டு மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் அட்டை நம்பரைத் தட்டினார். “ரெண்டு பிரசவமும் நம்ம ஆஸ்பத்திரியிலதான். ரெண்டும் சிசேரியன். ரெண்டு தடவையும் பென்சிலின் வகை மருந்து போயிருக்கு, ஒன்னும் ஆகல. அப்புறம் என்ன? சீக்கிரம் ஏத்துங்க. இந்தப் பிரஷர்ல ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அட்டை சரி, ரெக்கார்டு சரி, மருந்து சரி. நர்சிங் மாணவி பிரீத்திகா ‘சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம்’ என்று வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே தட்டை எடுத்துவந்தாள். மருந்தைக் கரைத்துச் சின்ன சலைன் பாட்டிலில் சேர்த்தார்கள். நசிமா குப்பியின் லேபிளை எடுக்கும்போது ஒரு தடவை, கரைக்கும்போது ஒரு தடவை, கட்டிலருகே ஒரு தடவை படித்தாள்.

“உங்க பேரு என்ன?”

உதடு வெடித்திருந்தது. “பாண்டிச்செல்வி.”

“அப்பா பேரு?”

“நாகையா.”

“இதுக்கு முன்னால எந்த ஊசியாவது, மாத்திரையாவது ஒத்துக்காமப் போயிருக்கா? அரிப்பு, மூச்சு முட்டுறது, முகம் வீங்குறது?”

 அவள் கண் வாசல் பக்கம் போனது. அங்கே நின்ற ஒச்சப்பன் முந்திக்கொண்டார். “அதெல்லாம் ஒன்னுங் கிடையாதும்மா. நம்ம செல்வி இரும்பு மாதிரி.”

“அவுகளத்தான் கேட்டேன்” என்றாள் நசிமா.

“இல்ல” என்றாள் கட்டிலில் கிடந்தவள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்ற குரலில், “இந்த மருந்து பேரு என்னக்கா?” என்றாள்.

ஊருக்கெல்லாம் பேர் கேட்கிறவளிடம் மருந்தின் பேரைக் கேட்கிற ஆள் அபூர்வம். நசிமாவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. குப்பியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த கம்பெனிப் பேரை அப்படியே படித்துக் காட்டினாள். வாயில் நுழையாத பேர். அந்தப் பெண் அதைக் கேட்டதும் மூச்சை விட்டாள். தலையணையில் தலை தளர்ந்து சாய்ந்தது. நல்லவேளை, அது இல்லை என்பது மாதிரி.

எது இல்லை? நசிமாவின் மனசில் ஒரு முள் தைத்தது. ஆனால் பாட்டில் ஏற்கெனவே ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது, குழாய் பொருத்தியாகிவிட்டது. குழாயின் நடுவே இருக்கிற சின்னச் சக்கரத்தை உருட்டினால் மருந்து இறங்கிவிடும். பிரீத்திகா அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, “திறக்கவாக்கா?” என்றாள்.

“இரு, மூத்திரப் பையப் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி நசிமா போர்வையை விலக்கினாள். எவ்வளவு மூத்திரம் போயிருக்கிறது என்று பார்க்காமல் இந்த மாதிரி மருந்து ஏற்றுவது அவள் வழக்கமில்லை. பையைப் பார்த்தாள். குழாய் மடங்கியிருந்தது. அதை நிமிர்த்துவதற்காகச் சட்டையை இடுப்புக்கு மேலே தூக்கினாள்.

வயிற்றில் தீ படவே இல்லை. அங்கே மட்டும் தோல் தோலாக இருந்தது. தொப்புளுக்குக் கீழே குறுக்கிலும் இல்லை, நெடுக்கிலும் இல்லை. ஒரு கோடு இல்லை, ஒரு தையல் புள்ளி இல்லை.

ரெண்டும் சிசேரியன் என்று டாக்டர் படித்தது அவள் காதில் திரும்பக் கேட்டது.

நசிமா சட்டையை விட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது பிரீத்திகாவின் விரல் அசைந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் பிரீத்திகாவின் வளையல் தெறித்தது. சொட்டு விழும் குப்பியைப் பார்த்தாள். அசைவில்லை. சக்கரத்தை இறுக்கினாள். அதுவும் போதாதென்று குழாயையே கழற்றி மூடினாள்.

“என்னக்கா?” பிரீத்திகாவுக்கு அழுகை வந்துவிட்டது. “எல்லாம் சரியாத்தான இருக்கு?”

“ஆள் சரியில்ல” என்றாள் நசிமா, அவள் காதோரத்தில்.

ஒச்சப்பன் உள்ளே வந்துவிட்டார். “என்னம்மா, ஊசி ஏத்தலையா? டாக்டர் அவசரம்னு சொல்லிட்டுப் போறாரு, நீங்க கழட்டுதீக?” அவர் முகத்தில் இளநீர் வாங்கி வந்த நாட்களின் சிரிப்பு இல்லை. நசிமா போனை எடுத்து டாக்டரை அழைத்தாள்.

ஸ்ரீராம்குமார் வரும்போதே கோபத்தோடு வந்தார். “பிரஷர் இன்னும் இறங்கியிருக்கு. மருந்தக் கழட்டி வச்சிட்டு என்னைக் கூப்பிடுறீங்க!”

“சார், இவங்க பாண்டிச்செல்வி இல்ல.”

“என்னது?”

“வயித்துல தழும்பு இல்ல சார்.”

டாக்டர் தானே பார்த்தார். பிறகு தலையை உதறினார். “சரி, பேர் தப்பு. போலீஸ் பாத்துக்கட்டும். மருந்து பேருக்கா குடுக்கறோம்? இந்த உடம்புக்குத்தானே? இந்த உடம்புல கிருமி ஏறிட்டிருக்கு சிஸ்டர். கண்ணு முன்னால போயிரும்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் நசிமாவைக் கொன்றது. ஏற்றாவிட்டால் கிருமி கொல்லும். ஏற்றினால், ஒருவேளை, தன் கையே கொல்லும். இரண்டுக்கும் நடுவே காய்ச்சலில் உதறிக்கொண்டு கிடந்தாள் பேர் தெரியாத ஒருத்தி.

“இந்த உடம்பு இதுக்கு முன்னால எதத் தாங்குச்சு, எதத் தாங்கலைன்னு நமக்கு ஒன்னுமே தெரியாது சார்” என்றாள். “நாம பாத்த ரெக்கார்டு வேற உடம்போடது. இவங்க மருந்து பேரக் கேட்டாங்க. நான் சொன்ன உடனே பயம் விட்ட மாதிரி மூச்சு விட்டாங்க. ஏதோ ஒரு மருந்துக்குப் பயப்படுறாங்க சார். கொஞ்ச நேரம் குடுங்க.”

டாக்டர் மானிட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “சலைன் வேகமா ஓடட்டும். ஒத்துக்கலைன்னா போட அட்ரினலின் பக்கத்துல இருக்கட்டும். சீக்கிரம்” என்று சொல்லி அங்கேயே தள்ளி நின்றுகொண்டார்.

நசிமா ஒச்சப்பன் பக்கம் திரும்பினாள். “டிரெஸ்ஸிங் பண்ணணும், ஆம்பளையாளு வெளிய போங்க.”

“நான் மூணு நாளா இங்கனதான...”

“வெளிய போங்கன்னு சொல்லுதேன்ல!” வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் இவ்வளவு சத்தம் போட்டு அங்கே யாரும் கேட்டதில்லை. ஒச்சப்பன் போனார். நசிமா திரையை இழுத்து மூடிவிட்டு, கட்டிலின் தலைமாட்டில் முழங்காலிட்டாள்.

“இங்க பாருங்க. நீங்க பாண்டிச்செல்வி இல்ல. எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“நான் பாண்டிச்செல்விதான்” என்றாள் அவள். கண்ணிலிருந்து நீர் காதுக்கு ஓடியது. “அப்பா பேரு நாகையா. நான் பாண்டிச்செல்விதாங்க்கா.”

“பாண்டிச்செல்விக்கு ரெண்டு பிள்ளையும் ஆபரேஷன்லதான் பிறந்துச்சு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள், வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்தது. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பார்களோ, அவளுக்கு அந்தப் பேரைத் தவிர வேறு பேர் வாயில் வர மறுத்தது. மானிட்டர் கத்த ஆரம்பித்தது. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரின் செருப்புச் சத்தம் முன்னும் பின்னும் நடந்தது.

இவளிடம் எத்தனை தடவை பேர் கேட்டோம் என்று நசிமா நினைத்துப் பார்த்தாள். கேட்கக் கேட்க இவள் பொய்க்குள் இன்னும் ஆழமாகப் போயிருக்கிறாள். பெருமையாக நினைத்திருந்த கேள்விதான் இவள் வாயை அடைத்து வைத்திருக்கிறது. இத்தனை வருஷ வேலையில் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னாள்.

“உங்க பேரு எனக்கு வேண்டாம்.”

அவள் கண்ணைத் திறந்தாள்.

“பேரச் சொல்லாதீக. யாரு, எவரு, எங்கன வேல பாத்தீக, ஒன்னும் வேண்டாம். இந்த உடம்பு. எப்பவாச்சும், எந்த ஊசியாச்சும் இந்த உடம்புக்கு ஒத்துக்காமப் போச்சா? அத மட்டும் சொல்லுங்க. நீங்க சொல்றத டாக்டர்கிட்ட நான் மறைக்க மாட்டேன், இப்பவே சொல்லிருதேன். ஆனா தெரியாம இத ஏத்த என்னால முடியாது.”

அவள் திரையைப் பார்த்தாள், நசிமாவைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னாள்.

“சின்ன வயசுல... கால்ல முள்ளு குத்திப் பழுத்துச்சு. ஊசி போட்டாக. வீட்டுக்குப் போறதுக்குள்ள முகமெல்லாம் வீங்கி மூச்சு நின்னு போச்சு. சாத்தூருக்குத் தூக்கிட்டு ஓடுனாக. பொழச்சதே பெருசுன்னாக. இனிமே சாகுற வரைக்கும் பென்சிலின் போடக்கூடாதுன்னு அந்த டாக்டர் சொன்னாரு.” அவளுக்கு மூச்சிரைத்தது. “ஆனா இது பென்சிலின் இல்லையேக்கா. நீங்கதான வேற பேரு சொன்னீக?”

நசிமா தட்டிலிருந்த காலிக் குப்பியை எடுத்துப் பார்த்தாள். குப்பியின் கம்பெனிப் பேர்தான் வேறு. உள்ளே இருந்தது பென்சிலின் குடும்பத்து மருந்து. அந்தப் பெண் பொய்ப் பேருக்குள் இருந்துகொண்டும் உயிருக்குப் பயந்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். நசிமா கொட்டை எழுத்தைப் படித்துக் காட்டி அந்தக் கடைசிக் கதவையும் சாத்தியிருக்கிறாள். அடியில் பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பேரை, அது என்ன வகை என்பதை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

“இதுவும் அதுதான்” என்றாள். “நான் ஒழுங்காச் சொல்லல. இதுவும் அதே வகைதான்.”

திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் ஏற்கெனவே உள்ளே நின்றார். தொங்கிக்கொண்டிருந்த பாட்டிலைத் தன் கையால் கழற்றி எடுத்தார். பென்சிலினுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு மருந்துகளை எழுதினார், சிவப்பு மையில் பெரிதாக எச்சரிக்கை எழுதி அடிக்கோடு போட்டார். புது மருந்து ஏறும்போது நசிமா கட்டிலை விட்டு நகரவில்லை. ஒரு கையில் நாடி, கண் அந்த முகத்தில். பிரீத்திகா அட்ரினலின் ஊசியை ஏந்தியபடி எதிரே நின்றாள். வீக்கம் வரவில்லை. மூச்சு முட்டவில்லை. சாயங்காலம்வரை காய்ச்சல் போக்குக்காட்டியது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

மீதிக் கதை ஒச்சப்பன் வாயிலிருந்துதான் வந்தது. டாக்டர் நேரே கேட்டபோது அவர் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். சீசனில் ஆள் மாற்றிப் போவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒருத்திக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அவள் பேரில் தங்கச்சியோ நாத்தனாரோ போய் உட்காருவாள். வருகை குறையாது, தீபாவளி போனஸ் கெடாது, கம்பெனிக்கும் கை குறையாது. போர்மேன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வார். அன்றைக்கு அக்கா படுத்துவிட்டாள், தங்கச்சி போனாள். ரூம் வெடித்தது.

“உண்மையச் சொன்னா அந்தப் பிள்ளைக்கு ஒரு பைசா நட்டஈடு கிடையாது சார்” என்றார் ஒச்சப்பன். “பேர்ல இல்லாத ஆள வேலைக்கு வச்சிருக்கீகன்னு கம்பெனிக்குச் சீல் வப்பாக. ஊர்ல பாதிப் பேருக்கு அடுப்பு எரியாது. நான் யாரையும் கொல்லணும்னு செய்யல.” மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நசிமாவுக்கு அவரைப் பார்க்கக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் கோபம்தான் கூடுதல். வாசலில் நின்றபடி ‘இரும்பு மாதிரி’ என்று சொன்ன வாய் அது.

போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் இருப்பவளிடம் மறுநாள் வாக்குமூலம் எடுக்க வருவார்கள். அவள் எந்தப் பேரைச் சொல்வாளோ, அது அவள் பாடு.

மறுநாள் காலையில் நசிமா புதுப் பாட்டிலோடு வந்தாள். ஒச்சப்பன் வாசலில் நின்றார், கையில் இளநீர் இல்லை. கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கையும் பாதியில் நின்றன. அவருக்குப் பின்னால் அந்தப் பெண், முந்தாநாள் வந்து தங்கத்தாய் என்று பேர் சொன்னவள், முந்தானையால் முகத்தை மறைத்தபடி நின்றாள்.

நசிமா குப்பியை எடுத்துக் காட்டி, கொட்டை எழுத்தில் இருந்த பேரையும் பொடி எழுத்தில் இருந்த பேரையும் சொன்னாள். இது பென்சிலின் வகை இல்லை என்றும் சொன்னாள். பாட்டிலை மாட்டினாள். பேர் கேட்கவில்லை.

“என்னக்கா, பேர் கேக்கலையா?” என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

“நேத்து வேண்டாம்னு சொல்லிட்டேனே.”

“இன்னைக்குக் கேளுங்க.”

வாசலில் ஒச்சப்பன் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. நசிமா அவரைப் பார்த்தாள். பிறகு கட்டில் பக்கம் குனிந்து, வழக்கம்போலவே கேட்டாள்.

“உங்க பேரு என்ன?”

“தங்கத்தாய்.” உதடு வெடித்திருந்தாலும் சத்தமாகத்தான் சொன்னாள். “தங்கத்தாய். அப்பா பேரு நாகையா. அங்கன நிக்கதுதான் எங்கக்கா பாண்டிச்செல்வி.”

அக்காக்காரி முந்தானையை விட்டாள். ஓடிவந்து கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள், தொடவும் பயமாக இருந்தது அவளுக்கு. “ஏன்டி சொன்ன?” என்று கேட்டாள். அடுத்த மூச்சிலேயே, “நல்லவேள சொன்ன” என்றாள். பிறகு நசிமா பக்கம் திரும்பினாள். “நான்தான் ஆஸ்பத்திரில கிடக்கேன்னு விசாரிக்க வர்றவுககிட்டயெல்லாம் சொல்லி வச்சிருக்கோம்மா. எம்பிள்ளைங்க வாய் தவறி அம்மான்னு கூப்பிட்டுறக் கூடாதுன்னு, மூணு நாளா என்னையச் சித்தின்னு கூப்பிடுதுக. இவ போயிருந்தா, கடைசிவரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கும்.”

நசிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கத்தாயின் கணுக்காலில் இருந்த பழைய பட்டையைக் கத்தரித்து எடுத்தாள். புதுப் பட்டையில் பேரை எழுதிக் கட்டிவிட்டு, சக்கரத்தை உருட்டினாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.